அதிகாரி மீது வழக்குப் போட அரசின் அனுமதி வேண்டும் என்றால், சட்டத்தின் முன் சமம் என்பது எங்கே?

கேள்வி: "சட்டத்தின் முன் எல்லாரும் சமம் என்று பள்ளியிலேயே படித்தோம். ஆனால் ஓர் அரசு அதிகாரி குற்றம் செய்தால், அவர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறார்கள். என் மீது வழக்குப் போட யாருடைய அனுமதியும் தேவையில்லை. இது எப்படிச் சமம்?"

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அனுமதியைக் கேட்கும் சட்டப்பிரிவு சமத்துவத்துக்கு எதிரானதல்ல என்று உச்ச நீதிமன்றம் 1955லேயே தீர்ப்பளித்துவிட்டது. அதே நேரத்தில், எல்லா அதிகாரிக்கும் எல்லாக் குற்றத்துக்கும் அந்த அனுமதி தேவை என்பதும் உண்மையில்லை. பலரும் நினைப்பதைவிட அதன் எல்லை குறுகியது. ஆனால் அனுமதி தரும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால், உங்கள் சந்தேகம் நியாயமானது. அதை விளக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சட்டத்தின் முன் சமம் என்றதும் நமக்குப் பணக்காரன், ஏழை என்ற ஒப்பீடுதான் நினைவுக்கு வருகிறது. அது முக்கியம்தான். ஆனால் இந்தக் கருத்து முதலில் பிறந்தது வேறோர் இடத்தில்: அரசின் பெயரால் செயல்படுகிறவனும் சாதாரணக் குடிமகனும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டுமா என்ற இடத்தில். 1762 நவம்பரில் இங்கிலாந்து மன்னரின் ஆட்கள் நான்கு பேர், நேதன் கேரிங்டன் என்பவர் தலைமையில், ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் புகுந்தார்கள். அரசைத் தாக்கி எழுதுகிறார் என்பது சந்தேகம். பூட்டுகளை உடைத்து, மணிக்கணக்கில் தேடி, காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். கையில் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபுவின் உத்தரவு இருந்தது.

என்டிக் வழக்குப் போட்டார். 1765இல் தலைமை நீதிபதி கேம்டன் பிரபு கேட்டது எளிய ஒரு கேள்வி: இப்படி ஓர் உத்தரவு போட அமைச்சருக்கு எந்தச் சட்டம் அதிகாரம் தந்தது? அது சட்டமாக இருந்தால் நம் புத்தகங்களில் இருக்கும், அங்கே இல்லையென்றால் அது சட்டமில்லை என்றார். அரசின் நலனுக்காகச் செய்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. அத்துமீறி வீட்டுக்குள் நுழைந்த எவரையும் போலவே மன்னரின் ஆட்களும் நடத்தப்பட்டார்கள். 300 பவுன் இழப்பீடு. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை.

ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு, 1885இல், ஆக்ஸ்ஃபோர்டு சட்டப் பேராசிரியர் ஏ.வி. டைசி இதைக் கோட்பாடாக எழுதினார். பிரதமரிலிருந்து காவலர், வரி வசூலிப்பவர் வரை, சட்ட நியாயமில்லாமல் செய்த ஒவ்வொரு செயலுக்கும் மற்றக் குடிமக்களைப் போலவே பொறுப்பேற்க வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். சட்டத்தின் ஆட்சி என்று நாம் சொல்வதில் பாதி இதுதான்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 14ஆவது பிரிவு ஒரே வாக்கியத்தில் இரண்டு வாக்குறுதிகளைத் தருகிறது. சட்டத்தின் முன் சமம் என்பது ஒன்று. இது இங்கிலாந்து மரபிலிருந்து வந்தது. சட்டத்தின் சமமான பாதுகாப்பு என்பது மற்றொன்று. இது 1868ஆம் ஆண்டின் அமெரிக்க 14ஆவது திருத்தத்திலிருந்து வந்தது. குடிமகன் என்று சொல்லாமல் 'எந்த நபருக்கும்' என்று சொல்வதையும் கவனியுங்கள். இந்த மண்ணில் நிற்கும் அயல்நாட்டவருக்கும் அகதிக்கும் இது பொருந்தும்.

சமம் என்றால் எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துவது என்று பொருளில்லை. குழந்தையையும் பெரியவரையும் சட்டம் வேறுபடுத்தலாம். ஆனால் அந்த வேறுபாட்டுக்குக் காரணம் இருக்க வேண்டும், அந்தக் காரணம் சட்டத்தின் நோக்கத்தோடு பொருந்த வேண்டும். மேற்கு வங்க அரசு 1950இல் ஒரு சட்டம் போட்டு, எந்த வழக்கை வேண்டுமானாலும் தனி நீதிமன்றத்துக்கு அனுப்பலாம் என்று தனக்கே அதிகாரம் கொடுத்துக்கொண்டது. டம்டமில் ஜெசப் தொழிற்சாலைத் தாக்குதல் வழக்கில் அன்வர் அலி சர்க்கார் உள்ளிட்டோரை அப்படித்தான் விசாரித்தார்கள். எந்த வழக்கு, ஏன் என்று ஓர் அளவுகோலும் சட்டத்தில் இல்லை. 1952இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

அப்புறம் தமிழ்நாட்டிலிருந்தே ஒரு வழக்கு. மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்த ஈ.பி. ராயப்பா, தன்னை வேறு பதவிக்கு மாற்றியதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். 1973 நவம்பரில் தோற்றார். ஆனால் அந்தத் தீர்ப்பில்தான் நீதிபதி பகவதி, சமத்துவமும் தன்னிச்சையும் பரம விரோதிகள், ஒன்று குடியரசின் சட்ட ஆட்சிக்கு உரியது, மற்றொன்று முடிமன்னனின் விருப்பத்துக்கு உரியது என்று எழுதினார். வழக்காடியவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அரசின் ஒவ்வொரு தன்னிச்சையான முடிவையும் 14ஆவது பிரிவின் கீழ் கேள்வி கேட்கும் வழி மட்டும் நாட்டுக்குக் கிடைத்தது.

சரி, உங்கள் கேள்விக்கு வருவோம். அனுமதி கேட்கும் அந்தப் பிரிவு வெள்ளைக்காரன் காலத்துச் சொத்து. 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 197ஆவது பிரிவாக இருந்தது. 1973இல் புதிய சட்டம் வந்தபோதும் அதே எண்ணில் உட்கார்ந்துகொண்டது. அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 218ஆவது பிரிவு.

1955இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன வழக்கு கல்கத்தாவில் நடந்த ஒரு வருமான வரிச் சோதனையைப் பற்றியது. காவலாளி மாதாஜோக் தோபேயைக் கயிற்றால் கட்டிப்போட்டு அடித்தார்கள் என்பது புகார். அரசின் அனுமதி இல்லாததால் வழக்கு நிற்காது என்று அதிகாரிகள் தரப்பு சொன்னது. அப்படி அனுமதி கேட்பதே சமத்துவத்தை மீறுகிறது என்று காவலாளி தரப்பு வாதிட்டது. கடமையைச் செய்யும் பொது ஊழியர்களை வீண் தொல்லையிலிருந்து காக்க வேண்டியிருக்கிறது, அந்தக் கடமையில் இல்லாத சாதாரணக் குடிமகனுக்கு அந்தப் பாதுகாப்பு தேவைப்படாது, ஆகவே இது நியாயமான வேறுபாடுதான் என்றது நீதிமன்றம்.

இந்தக் காரணத்தை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் மாஜிஸ்திரேட் முன் தனிப் புகார் கொடுக்கலாம். ஏரிப் புறம்போக்கில் கட்டிய பெரிய மனிதரின் கட்டடத்தை இடிக்கப் போன தாசில்தாரையும், மணல் லாரியை மடக்கிய ஆய்வாளரையும் வழக்கு மேல் வழக்காகப் போட்டு நீதிமன்ற வாசலிலேயே நிற்க வைத்துவிட முடியும். நேர்மையான அதிகாரிக்கு ஒரு வடிகட்டி தேவைதான்.

ஆனால் அந்தப் பாதுகாப்பின் எல்லையைப் பாருங்கள். முதலாவது, அரசின் அனுமதியின்றிப் பதவியிலிருந்து நீக்க முடியாத அளவுக்கு உயர்ந்த பொது ஊழியர்களுக்கும் நீதிபதிகளுக்கும்தான் இது பொதுவாகப் பொருந்தும். மேலதிகாரியே நீக்கிவிடக்கூடிய கடைநிலைக் காவலருக்கு, மாநில அரசு தனி அறிவிக்கை மூலம் நீட்டித்திருந்தால் ஒழிய, இந்தக் கவசம் கிடையாது. ஒரே சம்பவத்தில் உத்தரவிட்டவருக்குக் கவசம், அதை நிறைவேற்றியவருக்கு இல்லை என்ற நிலை வரலாம். இது எனக்கு ஒருபோதும் சரியாகப் பட்டதில்லை.

இரண்டாவது, செயலுக்கும் கடமைக்கும் நியாயமான தொடர்பு இருக்க வேண்டும். பணிநேரத்தில் செய்தார், சீருடையில் செய்தார் என்பதெல்லாம் போதாது. 1948இல், அன்றைக்கு நம் வழக்குகளுக்கு லண்டனில் இருந்த இறுதி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில், கில் வழக்கில் சொன்ன உதாரணத்தை இன்றைக்கும் நீதிமன்றங்கள் எடுத்துக்காட்டுகின்றன. அரசு மருத்துவர் நோயாளியைப் பரிசோதிப்பது அரசுப் பணி. பரிசோதிக்கும்போதே நோயாளியின் சட்டைப் பையிலிருந்து திருடுவது அரசுப் பணி ஆகாது. லஞ்சம் வாங்கும் நீதிபதி அந்த நேரத்தில் நீதிபதியாகச் செயல்படவில்லை. பாலியல் குற்றங்களுக்கு இந்த அனுமதி தேவையே இல்லை என்று 2013 திருத்தம் வெளிப்படையாகவே எழுதிவிட்டது.

சிக்கல் எங்கே என்றால், குற்றம் சாட்டப்பட்டவரை வேலையில் வைத்திருக்கும் அதே அரசுதான் அவர் மீது வழக்கு நடக்கலாமா என்று முடிவு செய்கிறது. பல சமயம் அந்த அதிகாரி செய்தது அரசு விரும்பியதையேதான். அந்த இடத்தில் அரசு நடுநிலையாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது வீண். அனுமதி தரலாமா என்பது அரசின் விருப்பம், நீதிமன்றத்தின் வேலை அதில் இல்லை என்று அதே 1955 தீர்ப்பே சொன்னது. அரசு முடிவெடுக்கக் கால வரம்பு எதுவும் நெடுங்காலமாக இருந்ததில்லை. மறுத்தால்கூட எதிர்த்து உயர் நீதிமன்றம் போகலாம். பதிலே சொல்லாமல் கோப்பை அலமாரியில் வைத்துவிட்டால் எதை எதிர்த்துப் போவது?

ஊழல் தடுப்புச் சட்டத்தில் இதேபோன்ற அனுமதி உண்டு. 2ஜி விவகாரத்தில் அமைச்சர் ஆ. ராசா மீது வழக்குத் தொடர அனுமதி கேட்டு சுப்பிரமணியன் சுவாமி 2008 நவம்பரில் பிரதமருக்கு எழுதினார். பதில் வந்தது 2010 மார்ச்சில். ராசா 2017 இறுதியில் விசாரணை நீதிமன்றத்தில் விடுதலையானார். அவர் குற்றவாளியா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. அனுமதி கேட்ட கடிதம் பிரதமர் அலுவலகத்திலேயே பதினாறு மாதம் கிடந்தால், சாமானியன் தாலுகா அளவில் கொடுக்கும் மனுவின் கதி என்ன? 2012 தொடக்கத்தில் இந்த விவகாரத்தைத் தீர்த்தபோதுதான், கால வரம்புக்குள் பதில் இல்லையென்றால் அனுமதி கிடைத்ததாகவே கொள்ள வேண்டும் என்று சட்டம் கொண்டுவரலாமே என உச்ச நீதிமன்றத்திலிருந்து யோசனை வந்தது.

விசாரணையையே தடுக்கும் அனுமதி ஒன்றும் இருந்தது. இணைச் செயலாளரும் அதற்கு மேற்பட்டவர்களும் என்றால், மத்திய அரசின் முன் ஒப்புதல் இல்லாமல் சிபிஐ விசாரிக்கவே கூடாது. முதலில் இது நிர்வாக உத்தரவாக இருந்தது. ஹவாலா வழக்கில் 1997 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 2003இல் அதையே சட்டமாக்கிக் கொண்டுவந்தார்கள். 2014 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதையும் ரத்து செய்தது. ஊழல் செய்தவரின் பதவி உயரத்தை வைத்து அவரைத் தனி வகையாகப் பிரிப்பது 14ஆவது பிரிவுக்கு முரண் என்பது காரணம். 2018இல் நாடாளுமன்றம் என்ன செய்தது தெரியுமா? பதவி வேறுபாடுதானே தவறு, எல்லா நிலை ஊழியருக்கும் கொடுத்துவிடுவோம் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தில் 17ஏ பிரிவைச் சேர்த்தது. அலுவல் முடிவுகள் தொடர்பான ஊழல் புகார் என்றால், கையும் களவுமாகப் பிடிபடாதவரை, விசாரிக்கவே முன் ஒப்புதல் தேவை. கட்சி மாறினாலும் இந்த விஷயத்தில் அரசுகளின் மனம் மாறுவதில்லை.

தண்டனையை விடுங்கள், பண இழப்பீட்டில் நம் நிலை என்டிக் வழக்குக்குப் பின்னால் நின்றது. 1947 செப்டம்பரில் அமிர்தசரஸ் நகை வியாபாரி ஒருவரை மீரட்டில் போலீஸ் பிடித்தது. அவரிடமிருந்த 103 தோலாவுக்கு மேற்பட்ட தங்கத்தையும் வெள்ளியையும் எடுத்து வைத்தார்கள். வெள்ளி திரும்பி வந்தது. தங்கத்தை ஒரு தலைமைக் காவலர் எடுத்துக்கொண்டு பாகிஸ்தானுக்குப் போய்விட்டார். வியாபாரி நிறுவனமான கஸ்தூரி லால் ரலியா ராம், உத்தரப் பிரதேச அரசு மீது வழக்குப் போட்டது. போலீசின் அலட்சியம் உண்மைதான் என்று உச்ச நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் கைது செய்வதும் பொருளைக் கைப்பற்றுவதும் அரசின் இறையாண்மைப் பணி, அதாவது அரசு மட்டுமே செய்யக்கூடிய பணி, அதில் நேர்ந்த தவறுக்கு அரசு பணம் தர வேண்டியதில்லை என்று 1964இல் தீர்ப்பளித்தது. இது நல்ல நிலையல்ல, சட்டம் கொண்டுவாருங்கள் என்றும் நீதிபதிகள் எழுதினார்கள். 1965இலும் 1967இலும் மசோதா வந்தது, சட்டமாகவில்லை. அடகுக் கடைக்காரர் உங்கள் நகையைத் தொலைத்தால் பதில் சொல்ல வேண்டும், காவல் நிலையம் தொலைத்தால் வேண்டாம் என்பதில் எந்தச் சமம் இருக்கிறது?

அதை ஓரளவு உடைத்தது ஒரு தாயின் கடிதம். ஒடிசாவில் 1987 டிசம்பரில் போலீஸ் பிடித்துப் போன 22 வயது மகன் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தான். நீலாபதி பெஹெரா உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். 1993இல் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவு வந்தது. அடிப்படை உரிமை மீறப்பட்டால் இறையாண்மை என்ற சாக்கு செல்லாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2024 நவம்பரில் புல்டோசர் இடிப்புகள் பற்றிய தீர்ப்பில் நீதிபதிகள் கவாயும் விஸ்வநாதனும் ஒரு படி மேலே போனார்கள். 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல், நெறிமுறையை மீறி வீட்டை இடித்தால், அதைத் திரும்பக் கட்டும் செலவு சம்பந்தப்பட்ட அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து போக வேண்டும் என்றார்கள். இழப்பீட்டை எப்போதும் வரிப்பணத்திலிருந்தே கொடுத்தால் தவறு செய்தவருக்கு வலிக்காது. அந்த வகையில் இது முக்கியமான தீர்ப்பு.

இவ்வளவு தடைகளையும் தாண்டி அரசு எந்திரத்தைக் கூண்டில் ஏற்ற முடியுமா என்றால், முடியும். நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது.

தருமபுரி மாவட்டம் அரூருக்குப் பக்கத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக் கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல் துறை, வருவாய்த் துறை ஆட்கள் மொத்தமாக ஊருக்குள் இறங்கினார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடுகளைக் கொன்றார்கள், குடிநீர்க் கிணற்றைக்கூட விட்டுவைக்கவில்லை. 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்கொடுமை செய்தார்கள். அவர்களில் சிறுமிகளும் இருந்தார்கள். பிறகு பாதிக்கப்பட்டவர்களையே சந்தனக் கடத்தல் வழக்கில் சிறைக்கு அனுப்பினார்கள்.

அரசு முதலில் மறுத்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் பிடித்துக்கொண்டன. உயர் நீதிமன்றம் 1995இல் விசாரணையை சிபிஐயிடம் கொடுத்தது. இது ஏன் முக்கியம் என்றால், உள்ளூர் போலீஸே குற்றவாளிகளில் ஒரு தரப்பு. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர்: வனத்துறையினர் 155, காவல் துறையினர் 108, வருவாய்த் துறையினர் 6. ஊர்ப் பெண்கள் நேரில் நின்று தங்களைச் சிதைத்தவர்களை அடையாளம் காட்டினார்கள். தங்களைக் கைது செய்யும் அதிகாரம் இன்னும் கையில் இருப்பவர்களை நோக்கி விரல் நீட்டுவது சாதாரணக் காரியமில்லை.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது 54 பேர் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 17 பேர் வன்கொடுமைக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். தண்டனை பெற்றவர்களில் இந்திய வனப்பணி அதிகாரிகள் நான்கு பேரும் உண்டு. மேல்முறையீடு பன்னிரண்டு ஆண்டுகள் ஓடியது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி பி. வேல்முருகன் 2023இல் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 29 அன்று எல்லா மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம், அதில் பாதியை வன்கொடுமைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்க வேண்டும், அன்றைய ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றார்.

இதை வெற்றி என்று கொண்டாடுபவர்களோடு நான் சேர்ந்துகொள்கிறேன். ஆனால் 31 ஆண்டுகள் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வாச்சாத்திக்காரர்கள் மீது சந்தன வழக்குப் போட ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை. அவர்களைத் தாக்கியவர்களின் தண்டனை உறுதியாக ஒரு தலைமுறை போனது. சட்டப் புத்தகத்தில் இருவருக்கும் ஒரே சட்டம்தான். வேகம் ஒன்றாக இல்லை. அதனால்தான் அனுமதி போன்ற நடைமுறை விதிகளைச் சின்ன விஷயம் என்று விட முடியாது. சமத்துவம் உண்மையில் கரைவது அங்கேதான்.

என்னைக் கேட்டால், வடிகட்டி இருக்கட்டும், அது நீதிபதியின் கையில் இருக்கட்டும் என்பேன். மாவட்ட நீதிபதி நிலையில் ஒருவர் இரு தரப்பையும் கேட்டு, காரணத்தை எழுதி, குறித்த நாளுக்குள் முடிவு சொன்னால் நேர்மையான அதிகாரிக்கும் பாதுகாப்பு, புகார்தாரருக்கும் பதில். புதிய சட்டம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது: 218ஆவது பிரிவின்படி அனுமதிக் கோரிக்கை வந்து 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே கொள்ளப்படும். அதே சட்டம் வேறோர் இடத்தில் இறுக்கியும் இருக்கிறது. பணி தொடர்பான குற்றம் என்று பொது ஊழியர் மீது தனிப் புகார் கொடுத்தால், அவர் தரப்பு விளக்கத்தையும் மேலதிகாரியின் அறிக்கையையும் பெற்ற பிறகுதான் மாஜிஸ்திரேட் அதை விசாரணைக்கு எடுக்க முடியும்.

உங்களுக்கே இப்படி ஒரு தேவை இருந்தால், புகார் எழுதும்போது என்ன நடந்தது என்பதைக் கடமையிலிருந்து பிரித்து எழுதுங்கள். கைது செய்தது ஒரு செயல். கைதான பின் அறைக்குள் வைத்து அடித்தது வேறு செயல், அதற்குக் கடமையின் கவசம் கேட்பது கடினம். அவரை நீக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அனுமதி தேவையா என்பதே அதைப் பொறுத்தது. கீழ் நீதிமன்றம் அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பினால், அந்தச் செயல் கடமைக்குள் வராது என்று மேல் நீதிமன்றத்தில் வாதிடலாம். அரசு அனுமதி மறுத்தால், ஆவணங்களைப் பார்த்து யோசித்துத்தான் மறுத்தார்களா என்று உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு மூலம் கேட்கலாம். அனுமதிக் கோரிக்கை அரசுக்குப் போய்ச் சேர்ந்த தேதிக்குச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 120 நாள் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்கும்.